மழை இல்லாத இடி

"அந்தக் குச்சிய உரசாதீங்க!"

தீப்பெட்டியும் கையுமாகக் குனிந்திருந்த ஜெயகுமார் திடுக்கிட்டுத் திரும்பினான். மூச்சிரைக்க ஒருத்தி நின்றாள்... கோபத்தில் அந்தக் கண்கள்தாம் என்னமாய் ஜொலித்தன! மழைமானி வைக்க அன்றுதான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த யசோதினி அவள்.

"மொத இடி இடிச்சிருச்சுங்க. இப்ப மானாப்புல்ல எரிச்சாத்தான் மழைக்குத் துளிர்க்கும், மாடு திங்கும். காலங்காலமா அப்படித்தான்."

"மழை எங்க? பசிபிக் கடல் சூடாகிக் கெடக்கு. எல் நினோ வருசம்... இடி வரும், மழை வராது. காஞ்ச புல்லுல மின்னல் விழுந்தாலே பத்திக்கும். கீழ இருபது வீட்டு லயம் இருக்கே! அதுக்கு மேல புல்ல வெட்டி, வெறும் மண்ணாப் பாதை போடுங்க. தீ தாண்டாது."

அவனோடு வந்திருந்த சிநேகிதர்கள் அவள் சொன்னதைக் கேட்டுக் கொல்லென்று சிரித்தார்கள். ஜெயகுமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க மலையப் பத்தி எங்களுக்கே பாடமாக்கும்?"

விறுவிறுவென்று இறங்கிப் போனான். நல்லவேளை, தீ வைக்கவில்லை. 'எங்க மலை' என்ற சொல் யசோதினியைச் சுட்டது. ஹாலிஎலப் பக்கம் தோட்ட லயத்தில் பிறந்தவள்தானே அவளும்!

நான்காம் நாள் மத்தியானம்... சொட்டு மழையில்லாமல் மலையுச்சியில் மின்னல் இறங்கியது. வறண்ட கச்சான் காற்று நெருப்பைக் கீழே விரட்டியது. கத்திக்கொண்டே லயத்துக்கு ஓடிய யசோதினி, பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள்.

மலைக்குக் குறுக்கே, பத்தடி அகலத்தில், மண் தெரிய ஒரு பாதை! அதன் முனையில் ஜெயகுமார்... கையில் மம்பட்டி, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"தனியாவா வெட்டினீங்க?"

"தெனம் விடியக்காலையில, பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து வெட்டினேன். பயலுக முன்னாடி நீங்க சொன்னது சரின்னு ஒத்துக்க வெக்கம்... இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. கூப்பிடுங்க எல்லாரையும்!"

லயமே திரண்டு வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பெண்கள், அன்று சிரித்த அதே சிநேகிதர்கள்... கடைசிப் புல்லும் சாய்ந்தபோது நெருப்பு சீறிக்கொண்டு வந்தது. பாதை வரைக்கும் வந்தது... தாண்டவில்லை! எரிய எதுவுமின்றி அடங்கிப் போனது. ஒரு வீட்டுக்கும் சேதமில்லை. மலையே அதிரக் கூவினார்கள்.

"இந்தப் புள்ள சொன்னதுதான் சரி! நாந்தான் வீம்பு புடிச்சேன்" என்றான் ஜெயகுமார், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணு... நீங்க கத்துன அன்னைக்கே உங்களப் புடிச்சுப் போச்சுங்க."

கரி படிந்த அவள் முகம் சிவந்தது.

"எனக்கு அன்னைக்கு உங்களக் கண்டாலே எரிச்சல். இன்னைக்குத்தான்... ரொம்பப் புடிச்சிருக்கு. இனிமே யாரு சிரிச்சாலும் எம்பக்கத்துல நிப்பீங்களா?"

"நிப்பேங்க."

சிரித்த அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் யசோதினி.