அழகம்மா சொன்ன வாக்குமூலம்

வழக்கு நாளன்று காலையிலும், அழகம்மா நீட்டிய தேநீரைக் கொழுந்தன் சதீஸ் தொடவில்லை.

"அண்ணன கொன்னவனுக்குக் கைநாட்டு வச்சுக் குடுத்த கை... அந்தக் கையால நான் குடிக்கவா?"

பன்னிரண்டு வருடங்களாக இதே பேச்சு! மாமியார் மூக்காயியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழகம்மா தேநீரை ஓரமாக வைத்துவிட்டு வழக்குக்குப் புறப்பட்டாள். என்ன பொறுமையோ அவளுக்கு!

1993இல், தோட்டத்து ரப்பர் ஷீட் திருட்டில் போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பதிகாரியான ஓஐசிக்குப் பங்கு இருந்ததை அவள் புருஷன் நாகலிங்கம் பார்த்துவிட்டான். அவனையும் பதினாறு வயதுச் சதீஸையும் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்கள். மறுநாள் அண்ணன் பிணமாக வந்தான், தம்பி உயிரோடு வந்தான். விபத்து என்று எழுதிய சிங்கள வாக்குமூலத்தில் அழகம்மாவின் கைநாட்டு இருந்தது. அதில் வேறென்ன இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்போது அன்றைய கான்ஸ்டபிள் ஒருவன் மனம் கேட்காமல் உண்மையைச் சொன்னதால் வழக்கு திரும்ப வந்திருந்தது. ஓஐசியின் வக்கீல் அந்த வாக்குமூலத்தையே எடுத்துக் கம்பீரமாக வாசித்தார். ஜூன் பத்தாம் தேதி காலை, மலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது நாகலிங்கம் வழுக்கி விழுந்து இறந்தான்...

சிங்களம் தெரிந்த சதீஸ் திடுக்கிட்டான். அது அடைமழை வாரமாயிற்றே! மரம் நனைந்தால் பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அன்று ஒருவரும் கத்தி எடுப்பதில்லை. டவுனில் வளர்ந்த ஓஐசிக்கு அது எங்கே தெரியும்!

"அந்தம்மா சொன்னாங்க, ஓஐசி எழுதினார்," என்றான் கான்ஸ்டபிள். "விபத்துன்னு சொன்னாத்தான் தம்பிய விடுவேன்னார்."

அரச தரப்பு வக்கீல் கேட்டதும், தோட்டத்துக் கிளார்க் பழைய செக்ரோலை, தினசரி வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டை, புரட்டினார். அந்தத் தேதியில் ஒரு பெயர்கூட இல்லை. 'மழை. வேலை இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, அழகம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓஐசியின் முகம் வெளுத்துப்போயிற்று.

வெளியே வந்ததும் சதீஸ் அவள் காலடியில் விழுந்தான்.

"அண்ணி... தெரிஞ்சேதான் அப்பிடிச் சொன்னீங்களா?"

"உன்ன உயிரோட கூட்டியாரணுமே தம்பி... அவன் கேட்ட பொய்யச் சொன்னேன். நம்ம சனம் காதுல விழுந்தா அது பொய்யின்னு தெரியணும்னு பாத்துச் சொன்னேன்."

"எங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அன்னிக்கே கத்தியத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்ப. உன்னயும் கொன்னிருப்பானுங்க. நீ உசுரோட இருந்து என்னயத் திட்டு... எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்யா."

 மூக்காயி மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்ற தோட்டத்துச் சனம் அத்தனைக்கும் கேட்கக் கத்தினாள்.

"இவ என் மருமவ! எல்லாரும் பாத்துக்கங்க... இவ என் மருமவ!"