சாயங்காலத்துக்காரன்

முழங்கால் இரண்டிலும் யாரோ ஆணியை வைத்து மெல்லத் திருகுவது போலிருந்தது. தரையில் மண்டி போட்டே பிழைக்கிறவருக்கு அந்த வலி புதிதல்ல. அதை மரத்துப்போக வைக்க உள்ளே ஒரு சொட்டுச் சாராயமும் இறங்கவில்லை என்பதுதான் புதிது. கழுத்தில் வேர்வை குளிர்ந்து ஒட்டியது. சோற்றை நினைத்தாலே குமட்டியது.

டைல்ஸ் பதிக்கிறவர் அந்தப் பழைய வீட்டின் இரும்புக் கேட்டைத் தோளால் தள்ளித் திறந்தார்.

கூட்டாளிகள் அவருக்கு வைத்த பேர் ரசமட்டம். மட்டம் பார்க்கிற அந்தக் கருவியில் குமிழி நடுவிலேயே நிற்பது போல, எவ்வளவு ஊற்றினாலும் ஆடாத ஆள். காலையில் பல் தேய்த்த கையோடு கொஞ்சம். வேலைக்கு நடுவில் தண்ணீர் பாட்டிலில் கலந்தது கொஞ்சம். பொழுது சாய்ந்துவிட்டால் கணக்கு வழக்கே கிடையாது. இருபது வருஷமாக இப்படித்தான். தெருவில் விழுந்து கிடந்ததில்லை. பெண்டாட்டி மேல் கை வைத்ததில்லை. பதித்த தரையில் ஒரு கோடு கோணியதில்லை. அவரைக் குடிகாரர் என்று எவனாவது சொன்னால், சொன்னவனைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்த்திருக்கும்.

ஒரே ஒரு குறை. பொழுது இறங்கிய பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது.

காலையில் கண் விழித்தால், ஒழுகிக்கொண்டிருந்த குழாய் நின்றிருக்கும். மகளின் பிய்ந்துபோன செருப்பு தைத்திருக்கும். "நேத்து நீங்க சொன்னதுதாங்க சரி" என்பாள் மனைவி. என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. "ஆமா" என்பார். அந்த ஒற்றை 'ஆமா'வை முட்டுக் கொடுத்துத்தான் இத்தனை வருஷக் குடித்தனமும் நின்றுகொண்டிருந்தது.

ஈரல் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது அவருக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் வரவில்லை. மகள் அஞ்சாவது படிக்கிறாள். அவள் சாயங்காலத்தில் எப்படிச் சிரிப்பாள் என்று தனக்குத் தெரியாது என்பதுதான் உறுத்தியது. ஒரு சாயங்காலமாவது முழுசாகக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் குடியை விட்டார். மாத்திரையை விழுங்கிவிட்டு மூன்று நாள் போர்வைக்குள் கிடந்து உதறினார். இன்றைக்குத்தான், அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான், எழுந்து வேலைக்கு வர முடிந்தது.

"என்னண்ணே, கை தாளம் போடுது?" வாசலிலேயே காத்திருந்த சித்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பல வருஷமாக அவருக்குக் கலவை போட்டுக் கொடுப்பவள். "குடிச்சா நேரா நிக்கிறீங்க, குடிக்காட்டி தள்ளாடுறீங்க. எல்லாம் தலைகீழால்ல இருக்கு!"

"வாயைக் குறைச்சுட்டு சிமென்ட் மூட்டையைப் பிரி."

"பிரிக்கிறேன். நீங்க ஓரமா உக்காருங்க. விழுந்து கிழுந்து வச்சா, உங்களையும் சேத்துப் பதிக்க எனக்குத் தெம்பில்ல."

கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா தனியாக இருப்பவர். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"வாங்க வாங்க. உள் ரூமைத்தான் நேத்து சாயங்காலமே வந்து முடிச்சுட்டுப் போயிட்டீங்களே. இனிமே கூடம் மட்டும்தானே?"

நாக்கு பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"ஆமாம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. போன வாரம் வந்து அளவெடுத்ததோடு சரி. இந்த வீட்டில் அவர் இன்னும் சிமென்ட் பூசும் கரணையைக் கையில் எடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் எங்கே இருந்தோம் என்பதும் தெரியும். பிதற்றலில் போன முதல் இரண்டு நாளைத் தள்ளினால், இருபது வருஷத்தில் அவருக்கு நினைவிருக்கிற சாயங்காலமே அதுதான். பல் கிட்டிப்போய்ப் படுத்திருந்தார். மனைவி நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மகள் வாசற்படியில் நின்று, "அம்மா, அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்டாள்.

"இதோ படுத்திருக்காரே, கண்ணு எங்க போச்சு?"

மகள் அவரைப் பார்த்தாள். மறுபடி வாசலுக்கே போய்விட்டாள்.

"ஒத்தை ஆளா என்ன வேகம்!" வீட்டுக்கார அம்மா விடுவதாக இல்லை. "பேச்சும் ஓயலை. உங்க பொண்ணு இருட்டுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துல கக்கூஸ் பக்கமே போறதில்லைன்னு சொன்னீங்களே, பாவமா இருந்துச்சு."

அது அவருக்குத் தெரியாது.

"என்னை வெளியே தள்ளிட்டாங்கம்மான்னு சொல்லிச் சிரிச்சீங்க. பொண்டாட்டியோட சண்டைன்னு நினைச்சுக்கிட்டேன். நாளைக்கு இருட்டினதும் வீட்டுக்குப் போயிடுவேன்னீங்க. இன்னிக்குப் போறீங்கதானே?"

இந்தத் தடவை அவர் 'ஆமா' சொல்லவில்லை. சாமான் பையைக் கூடத்தில் இறக்கினார்.

வெயில் இருக்கும்வரை அந்த அறைப் பக்கம் போகாமல் கூடத்திலேயே வேலை பார்த்தார். பதித்ததெல்லாம் கோணலாயிற்று. பெயர்த்தார், மறுபடி பதித்தார். சித்தாள் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். ஜன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, அந்த அறையிலிருந்து சன்னமாக ஒரு சீட்டியொலி கேட்டது.

வேலை நன்றாக ஓடும்போது அவர் அடிக்கிற சீட்டி.

எழுந்து போனார். கதவைத் தள்ளியதும் ஈரச் சிமென்ட் வாசனை. அதற்குக் கீழே இன்னொரு வாடை, புளித்து, இனித்து, வெதுவெதுப்பாக. ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே வந்து மூச்சு விட்டது போல. காலையில் தன் தலையணையில் அவர் முகர்ந்திருக்கிற வாடை அது.

அறையில் யாரும் இல்லை.

தரை கண்ணாடியாகக் கிடந்தது. அப்படி ஒரு வேலையை அவரே செய்ததில்லை. வெட்டின துண்டுகளைக் கண்ணில் படாமல் கதவு மறைவில் ஒதுக்குவது அவர் கைப்பழக்கம். இங்கேயும் கதவு மறைவில்தான் அவை ஒதுங்கியிருந்தன. சுவரோரத்து சிமென்ட் தூசியில் முழங்கால் தடம் இரண்டு. வலது கால் கொஞ்சம் உள்ளே திரும்பின தடம், அவருடையதைப் போலவே.

குனிந்து பார்த்தார். பளபளப்பான தரையில் அவர் உருவம் தெரிந்தது.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

தரையில் தெரிந்தவன் மண்டியிட்டிருந்தான்.

கையில் கரணை. தலை கவிழ்ந்து, ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தான். வெளிச்சம் இன்னும் ஒரு சுற்று இறங்கியது. அவன் கரணையைத் துடைத்து வைத்தான். தலையை நிமிர்த்தினான்.

"நேரமாச்சு" என்றது அவருடைய குரல்.

அவர் வாய் அசையவில்லை.

தரைக்குள் இருந்தவன் எழுந்தான். அவசரமில்லாமல் நடந்து, நிலைப்படிப் பக்கம் போய் மறைந்தான். தரையில் ஜன்னல் மட்டும் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார், கையை நீட்டிப் பார்த்தார். அவர் உருவம் அதில் விழவே இல்லை.

கூடத்துக்கு ஓடி வந்தார். கலவைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சித்தாள் கையிலிருந்து சட்டி நழுவியது.

"அண்ணே... இப்பத்தானே போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு கேட்டைத் தாண்டிப் போனீங்க?"

அவர் கேட்டைத் தாண்டி ஓடினார்.

தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. முழங்கால் கதறியது. வழியில் மதுக்கடை. உள்ளே போய் ஒன்று ஊற்றிக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவன் அவருக்குள்ளேயே வந்து அடங்கிவிடுவான் என்று தோன்றியது. கால்கூட ஒரு கணம் திரும்பியது. மகளை நினைத்துக்கொண்டு ஓடினார்.

வீட்டு ஜன்னலில் வெளிச்சம். உள்ளே அவர் குரல் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு பிள்ளைச் சிரிப்பு, மூச்சு முட்டி, விக்கி, மறுபடி வெடிக்கிற சிரிப்பு.

இப்படித்தான் சிரிப்பாளா?

கதவைத் தட்டினார். சிரிப்பு நின்றது. மகள் வந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். பயப்படவில்லை. உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா சாப்பிட்டுட்டு இருக்காரு. நீங்க காலைல வாங்க."

"நான்தாம்மா அப்பா."

"இல்ல. நீங்க காலைல இருக்கறவரு."

கோபமில்லை. வீடு மாறி வந்துவிட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலி காலி. தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. தட்டில் சாப்பாடு பாதி மிச்சம். மனைவி சொம்போடு நின்றாள்.

"இப்பத்தானே கை கழுவப் பின்னால போனீங்க? வாசல் வழியா எப்படி வந்தீங்க?"

பல்லைக் கடித்து, நாக்கு நுனிக்கு வந்த 'ஆமா'வை அடக்கினார்.

"நான் இப்பத்தான் வர்றேன். இங்க உக்காந்திருந்தது நான் இல்ல. எந்தச் சாயங்காலமும் நான் இங்க இல்ல. எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லம்மா. எல்லாத்துக்கும் சும்மா தலையாட்டிட்டு இருந்தேன்."

மனைவி சொம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப, எங்கம்மா செத்த அன்னிக்கு விடிய விடிய என் கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இவ பொறந்தப்ப, இவளுக்குப் பேரு வச்சது?"

அவர் தலை குனிந்தது.

பின்கட்டில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமுகிற சத்தம். ஈரக் கால்கள் இரண்டு அடி எடுத்து வைத்து, விளக்கில்லாத நடையில் நின்றன.

மூன்று பேருக்கும் கேட்டது.

"துண்டை எடுத்துட்டு வாம்மா."

மகள் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு ஓடினாள். இருட்டைப் பார்த்து அவள் தயங்கவே இல்லை. மனைவி அவளைத் தடுக்கக் கையை எடுத்தாள். பிறகு அந்தக் கை மெல்லக் கீழே இறங்கியது.

"நிக்காதே, உக்காரு" என்றது இருட்டிலிருந்து அவர் குரல், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல. "நீ போட்டுட்டுப் போனதையெல்லாம் நான்தான் இழுத்துப் போட்டுச் செஞ்சேன். இதுநாள் வரைக்கும் கூலின்னு வாய் திறந்தேனா?"

திறக்கவில்லை. இருபது வருஷம் வேலை செய்தவனுக்கு ஒரு நாள் கூலிகூட அவர் கொடுக்கவில்லை. இருபது வருஷத்துச் சாயங்காலங்கள், அத்தனைக்கும் கூலி பாக்கி; கேட்க அவன் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறான்.