எட்டுப் பேர் மேசை

தன் பழைய வீட்டின் பின்கதவைக் கட்டடக் கான்ட்ராக்டர் தோளால் முட்டித் திறந்தபோது காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. முழங்கால் உயரப் புல், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரையின் கீழே கற்களின் மேல் கிடத்தியிருந்த ஒற்றைப் பலகை.

ஒன்பதடி நீளம், மூன்றரை அடி அகலம், நாலு அங்குலக் கனம். வைரம் பாய்ந்து கருஞ்சிவப்பாக இருந்தது. தச்சு மேஸ்திரி கையால் தடவிப் பார்த்தார். இப்படி ஒரு பலகை தன் பட்டறைக்கு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஊரில் அவருக்கு மிளகாய் என்று பெயர். ஒட்டுப் பலகையை ஒரே மரம் என்று விற்க வந்தவனை அந்தத் தெருவின் கடைசிவரை துரத்திக்கொண்டு போன நாளில் வைத்த பெயர். அவர் மனைவி அதற்கு நேரெதிர். உப்புத்தாள் தேய்ப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் அவள்தான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் குரல் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை.

புது வீட்டுக்கு எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வேண்டும், இதே பலகையில், வெட்டாமல் ஒட்டாமல் என்றார் கான்ட்ராக்டர். பின்கட்டில் நின்ற மரம் காற்றில் சாய்ந்துவிட்டதாம். மேஸ்திரி புல்லுக்குள் பார்த்தார். அடிக்கட்டை ரம்பத்தால் அறுத்த மாதிரி மட்டமாக இருந்தது. மரத்தைப் பற்றி எவனாவது பொய் சொன்னால் அவருக்கு உச்சந்தலை வரை ஏறும். கூட வந்திருந்த மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பலகையைப் பட்டறையில் இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சட்டம் அடித்து, அதன் மேல் ரூட்டர் மெஷினை ஓட்டி, மேடுபள்ளத்தை இழைத்து எடுக்கும் வேலை. புது மரத்தூளுக்கு ஒரு வாசனை உண்டு. இந்தத் தூளில் அது இல்லை. பல நாள் எண்ணெய் காணாத தலைமுடியின் வாடை, அதனடியில் புளித்த சாப்பாட்டின் வாடை. சன்னல்களை எல்லாம் திறந்துவைத்தும் அது போகவில்லை.

இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

டக். டக். டக்.

அலுமினியத் தட்டைத் தரையில் தட்டுகிற மாதிரி. மெஷின் அணைந்திருந்தது. தெருவில் ஆள் இல்லை. மனைவி கையில் எடுத்த கவளத்தோடு பலகையைப் பார்த்தாள்.

"உள்ள இருந்து வருதுங்க," என்றாள் மெதுவாக.

வெயிலில் மரம் விரியும், அப்போது சத்தம் வரும் என்று அவர் அதட்டினார். மரம் விரிந்தால் வெடிப்புச் சத்தம் வரும், தட்டுச் சத்தம் வராது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மூன்றாம் நாளும் கேட்டது. டப்பாவைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக.

நாலாம் நாள் அவர் முதல் வாய் வைத்தார். எதிரே அவள் கையிலிருந்த டப்பா பறந்துபோய்ச் சுவரில் மோதிச் சிதறியது.

அவள் எழுந்து நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எல்லாரும் தின்னாச்சா?"

அது அவள் குரல் இல்லை. தொண்டை வறண்ட ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"எனக்கு எப்போ?"

ஊரையே அதட்டும் மனிதர், வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கோபமெல்லாம் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குவது. இது அப்படி இல்லை. வருடக்கணக்கில் கனன்று கிடந்த கோபம். அது அடங்கியதும் அவள் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். சுவரில் வழிகிற சாப்பாட்டைப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டாள்.

அன்று மாலையே ரூட்டர் எதிலோ மோதித் தீப்பொறி பறந்தது. பிளேடு முனை போய்விட்டது. உளியை எடுத்துக் கொத்தினார். மரத்துக்கு நடுவே சிமெண்ட். யாரோ ஒரு பொந்தைச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள், அதன் மேல் மரம் வளர்ந்து மூடியிருக்கிறது. சிமெண்ட்டைப் பெயர்த்தார். உள்ளே சுருட்டித் திணித்த இரும்புச் சங்கிலி. அதன் நுனியில் ஒரு வளையம், பூட்டோடு.

வளையத்தின் உட்புறம் துணி வைத்துத் தைத்திருந்தது. நீலத் துணியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். தையல் அவ்வளவு நேர்த்தி.

மனைவி அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்குப் பெரிதாக இருந்தது.

"கால்ல போடுறதுங்க," என்றாள்.

மறுநாள் மதியம் கான்ட்ராக்டர் வந்தார். சங்கிலியைப் பார்த்ததும், முன்னே ஒரு நாய் இருந்தது, அதைக் கட்டியது என்றார்.

"நாய்க்குப் பூப்போட்ட துணி தச்சு வைப்பீங்களோ?" என்றார் மேஸ்திரி.

கான்ட்ராக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

டக். டக். டக்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிய எரிச்சலோடு, "சும்மா இரு, வருது வருது," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

தங்கச்சி. புத்தி சரியில்லாத பெண். தெருவில் இறங்கி ஓடுவாள், வருகிறவர்கள் முன்னால் சத்தம் போடுவாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பதினாலு வயதில் அந்த மரத்தில் கட்டினார்கள். கால் புண்ணாகக் கூடாது என்று அம்மா துணி தைத்துக் கொடுத்தாள். பதினொரு வருடம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் மத்தியானம் ஒரு தட்டு போகும். நேரமானால் தட்டைத் தட்டுவாள். இதையெல்லாம் அவர் வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொல்லிக்கொண்டு போனார்.

"எப்படிச் செத்தாங்க?" என்று கேட்டாள் மேஸ்திரியின் மனைவி.

"ஒரு விசேஷம், வெளியூர் போயிருந்தோம். பக்கத்து வீட்டுல நான் சொல்லிட்டேன்னு அம்மா நினைச்சாங்க. அம்மா சொல்லிட்டாங்கன்னு நான் நினைச்சேன்." கான்ட்ராக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆறு நாள்."



"அந்த மரத்துலயா சாப்பாட்டு மேசை போடுறீங்க?" என்றார் மேஸ்திரி.

"நல்ல மரம். வீணாக்க மனசு வரல."

மேஸ்திரி கையில் உளி இருந்தது. அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். முப்பது வருடத்தில் ஆயிரம் பேரிடம் கோபப்பட்டிருக்கிறார். எல்லாம் விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கான்ட்ராக்டர் அதற்குள் பழைய ஆளாகிவிட்டிருந்தார். சங்கிலியைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள், குழியில் கறுப்பு எபாக்ஸிப் பசை ஊற்றி மூடுங்கள், பத்து நாளில் குடிபோகிறோம், வீட்டுக்காரிக்கு இதொன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

பலகையை நடுத்தெருவில் தூக்கி எறியப் போவதாக மேஸ்திரி கத்தினார். மனைவி அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தூக்கி எறிஞ்சா வேற பட்டறைக்குக் கொண்டுபோவான். அவன் சொன்னபடி கறுப்பா மூடித் தருவாங்க. நாமளே செய்வோம்."

பிறகு டப்பாவைத் திறந்தாள். ஒரு தட்டில் சாப்பாட்டை எடுத்து, தான் ஒரு வாய்கூட வைப்பதற்கு முன்னால், பலகையின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

சத்தம் நின்றது.

அடுத்த ஒன்பது நாளும் முதல் தட்டு அங்கேதான் போனது. மரம் வெண்ணெயாக இழைபட்டது. வாடை போன இடம் தெரியவில்லை. மேஸ்திரி தன் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. விளிம்பை மரத்தின் வளைவுப்படியே விட்டார். கால்களை ஆணியில்லாமல் துளையடித்துச் சேர்த்தார். சங்கிலியைத் துடைத்து, பூப்போட்ட துணி மேலே தெரியும்படி குழியிலேயே கிடத்தினார். அதன் மேல் எபாக்ஸியை ஊற்றினார்.

கறுப்பு இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவானது.

கான்ட்ராக்டர் சைட்டில் இருக்கிற நேரம் பார்த்து மேசையைப் புது வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். கான்ட்ராக்டரின் மனைவி பலகையைத் தடவிக்கொண்டே வந்தாள். சங்கிலிக்கு மேல் அவள் விரல் நின்றது. இது என்ன அலங்காரம் என்று கேட்டாள். மேஸ்திரி சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவளே பட்டறைக்குப் போன் செய்தாள். வந்து பாருங்கள் என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. இருவரும் போனார்கள். மதிய நேரம். வீடு நிசப்தமாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவள் பத்து வயது கூடியவள்போல் இருந்தாள்.

"அவருக்கு இதுல சாப்பிட முடியல," என்றாள், குரலைத் தாழ்த்தி. "உக்காந்தா கை எழும்ப மாட்டேங்குது. சாப்பாடு முன்னாடி இருக்கும். பார்த்துக்கிட்டே இருப்பாரு. வாய்க்குப் போகாது."

மேஸ்திரி சமையலறைச் சன்னல் வழியே பார்த்தார். பின்புறம் வெட்டவெளியில், கொளுத்துகிற வெயிலில், கான்ட்ராக்டர் தரையில் குந்தி மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசர அவசரமாக, யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல.

மேசையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்ல மேஸ்திரி வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"அவங்க பேர் என்ன? இவர் சொல்ல மாட்டேங்குறாரு. பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு வைக்கணும்னு தோணுது."

அவர்களுக்கும் தெரியாது. அதைச் சொல்ல மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. தன் மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாளில் ஒரு முறைகூட அதைக் கேட்கத் தோன்றவில்லையே.

மூவரும் வாசல்வரை நடந்து வந்தார்கள். செருப்பை மாட்டக் குனிந்த மேஸ்திரி அப்படியே நின்றார். வீட்டில் இருந்த எல்லாருமே வாசலில் இருந்தார்கள், வெயிலில் இருந்த ஒருவரைத் தவிர.

உள்ளே, சாப்பாட்டு அறையில், ஒரு நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது. பசியோடு உட்காருகிறவர் மேசைக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொள்வாரே, அப்படி.