கைக்கு வராத பாலன்

பொத்தானை அழுத்தினால் பாடும் கிறிஸ்துமஸ் குடில் அந்தத் தெருவிலேயே ஜெனிட்டா வீட்டில்தான் இருந்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று குவைத்திலிருந்து அப்பா அனுப்பியது.

"இந்த வருஷம் குடிலுக்கு நெல்லு முளைக்கப் போடலையாடி?" என்று அம்மா கேட்டபோது, "இதுலயே பிளாஸ்டிக் புல் இருக்கும்மா!" என்று சிரித்தாள். பழைய குடிலில் வைத்திருந்த மண் பாலன் இயேசுவைப் பக்கத்து வீட்டு ஃபிளோராவுக்குக் கொடுத்தும் விட்டாள்.

கிறிஸ்துமஸ் காலை. பூசை முடிந்ததும் பாடும் குடிலைப் பார்க்கத் தெருவே ஜெனிட்டா வீட்டுக்கு வந்தது. குடிலில் இருக்கும் பாலன் இயேசுவை ஒவ்வொருவராகக் கையில் வாங்கி, முத்தமிட்டு ஜெபிப்பது அவர்கள் வழக்கம்.

"பாலனைக் கொடு கண்ணு," என்று கை நீட்டினார் ராசம்மாள் அத்தை.

ஜெனிட்டா இழுத்தாள். பாலன் வரவில்லை.

"ஒட்டியிருக்குங்க அத்தை."

"அப்ப குனிஞ்சுக்கறேன்."

குனிந்தபோது அத்தையின் முழங்கை பொத்தானில் பட்டது. குடில் அலறிப் பாடியது. "யேசுவே!" என்று அத்தை துள்ளிக் குதிக்க, எல்லோரும் சிரித்தார்கள். விளக்குகளைப் புகழ்ந்தார்கள். முறுக்குத் தின்றுவிட்டுப் போனார்கள். யாரும் ஜெபிக்கவில்லை.

ஜெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. எல்லோரும் பாராட்டியும் விட்டார்கள். பிறகு ஏன் அழுகை வருகிறது?

"அம்மா, நான் சந்தோஷமா இருக்கேனா?"

"அதை என்னைக் கேட்டா?" என்றாள் அம்மா.

ஜெனிட்டா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே பச்சைப் பசேலென்ற நெல் நாற்றுக்கு நடுவே, கால்விரல் உடைந்த மண் பாலன்.

ஃபிளோரா சட்டென்று பாலனை எடுத்து அணைத்துக்கொண்டாள். "திருப்பிக் கேக்க வந்தியா?"

அதற்குத்தான் வந்தாள். ஆனால் ஃபிளோராவின் முகத்தைப் பார்த்ததும் வேறு பதில் வந்தது.

"இல்லடி. நான் இன்னும் முத்தம் கொடுக்கலை. ஒரே ஒரு தடவை தர்றியா?"

ஃபிளோரா தந்தாள். உள்ளங்கையில் பாலன் கனமாக இருந்தான். பாலனிடம் சைக்கிள் கேட்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தாள் ஜெனிட்டா. அது மறந்தே போயிற்று.

"யேசுவே, அப்பா அங்க தனியா இருக்காரு. நீங்க கூட இருங்க."

சொன்னதும் அழுகை போய்விட்டது. ஏனென்று அதுவும் புரியவில்லை.

"ஃபிளோரா, தெருவுல யாருமே இன்னைக்கு முத்தம் கொடுக்கலை. பாலனை நீ தூக்கிக்கோ. நாத்துத் தட்டை நான் எடுத்துக்கறேன்."

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். ராசம்மாள் அத்தை பாலனைக் கன்னத்தோடு ஒட்டிவைத்து வெகுநேரம் ஜெபித்தார். "இது பாடாதுல்ல?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

மதியம் தெருமுனை மளிகைக்கடைத் தொலைபேசிக்கு அப்பா கூப்பிட்டார். "குடில் எப்படி இருக்கு கண்ணு?"

"நல்லா பாடுதுப்பா. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்க வாங்க. பாலனை உங்க கையில தரணும்."