மீதியை இழுப்பது எது

புதிய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் மீட்டரில் எண் இறங்கவில்லை.

சுவர் பிளக்குக்கும் கம்ப்யூட்டர் வயருக்கும் நடுவே கொழுந்தன் மாட்டி வைத்திருந்த சின்ன மீட்டர் அது. எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். கார்டு உள்ளே இருந்தபோது நானூற்று நாற்பது. கழற்றிய பிறகும் நானூற்று நாற்பது.

"மீட்டர் புட்டுக்கிச்சு அண்ணி," என்று அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்தபடியே கட்டட நிறுவனங்களுக்கு அறைகளின் படங்களை வரைந்து கொடுப்பவள் அவள். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவளும் மாமியாரும் கொழுந்தனும்தான். பெரிய படங்களைப் பழைய கம்ப்யூட்டர் தாங்கவில்லை என்று கார்டை மாற்றினாள். அன்றிலிருந்து படத்தை முடிக்கும் நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடுகிறது. உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை போதவில்லை என்றான் கொழுந்தன். கார்டைத் திரும்பச் சொருகி, பழைய சப்ளையை எடுத்துவிட்டு அறுநூற்றைம்பது வாட் சப்ளை ஒன்றைப் பொருத்தினான். மீட்டர் மெல்ல மெல்ல ஏறி அறுநூற்று நாற்பதைத் தொட்டது. மறுபடியும் அணைந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"ப்ராசஸர், கார்டு, டிஸ்க், ஃபேன் எல்லாத்தையும் கூட்டினாலும் நானூறத் தாண்டாதும்மா," என்றார் அவர். "நீங்க சொல்ற கணக்குப்படி மீதிய எது இழுக்குது?"

அவள் மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, எண்ணூத்தம்பதே போட்டுப் பாருங்க. பெட்டிக்குள்ள உக்காருமான்னு நீளத்த அளந்துக்குங்க. பழைய சப்ளையோட வயர மட்டும் புதுசுல சொருகிடாதீங்க. பாக்க ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா உள்ள வேற மாதிரி. எல்லாம் எரிஞ்சிடும்."

கொழுந்தன் புதிய சப்ளையின் நீளத்தை அளந்தான், ஒவ்வொரு வயரையும் இரண்டு முறை சரிபார்த்துச் சொருகினான், கழற்றிய திருகுகளைக் காபித் தட்டில் போட்டு வைத்து ஒன்றுகூடக் குறையாமல் திரும்ப முடுக்கினான். எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தன. கம்ப்யூட்டர் அணையவில்லை. ஆனால் அதன் காற்றாடியிலிருந்து இப்போது வந்த சத்தம் வேறாக இருந்தது. நீளமாக உள்ளே இழுத்து, நடுவில் ஒரு கணம் தடுக்கி, பிறகு மெதுவாக வெளியே விடும் சத்தம். சூடான தூசியின் நாற்றம் போய், பல நாள் காய்ச்சலில் கிடந்த உடம்பின் வாடை அறை முழுக்கப் பரவி, ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகாமல் திரைச்சீலைகளில் தங்கிவிட்டது. மாமியாருக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை. மழைக்காலத்தில் முட்டி வலிக்கிறது என்று நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கதகதன்னு இருக்கும்மா. ஹீட்டர் தோத்துது போ."

அன்று மாலை பொழுது சாயும் நேரத்தில் தெருவோடு கரண்ட் போனது. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு முறை உதறி நின்றது. மின்விசிறி இறக்கைகள் தளர்ந்து ஓய்ந்தன. எதிர்வீட்டு டிவி பாதிப் பேச்சில் நின்றது.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மீட்டர் இருண்டிருந்தது. காற்றாடி நிற்கவில்லை.

திரையின் நீல வெளிச்சத்தில்தான் மாமியாரைக் கவனித்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிம்மதியான புன்னகை. உதடுகள் சாம்பல் நிறம்.

"அத்தை?"

தொட்டாள். கை ஐஸ்கட்டி. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தோல் தகட்டோடு சற்று ஒட்டி, பிறகு பிரிந்தது.

காற்றாடி திணறியது. மாமியாரின் கண்கள் மேலே செருகின. மூச்சு நின்றது.

"அம்மா!" கொழுந்தன் ஓடி வந்தான். என்ன தோன்றியதோ, தாயின் கையைப் பிடித்து மறுபடியும் தகட்டில் வைத்து அழுத்தினான். காற்றாடி எழுந்தது. மாமியாருக்கு மூச்சு வந்தது. காற்றாடியோடு சேர்ந்து. அதே இழுப்பு. அதே தடுக்கல்.

"தம்பி, கைய எடுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். அவனது மற்றொரு கையும் எப்போதோ தகட்டின்மேல் போயிருந்தது.

"ஒண்ணும் இல்ல அண்ணி," என்றான் மெதுவாக. "இதமாத்தான் இருக்கு."

திரையின் வெளிச்சம் பளிச்சென்று கூடியது.

அவள் வாசலுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள். யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தாள். பின்னால் காற்றாடி மறுபடியும் தளர்ந்தது. இரண்டு மூச்சுகளும் அதோடு தளர்ந்தன. நீளமான இழுப்பு. இடைவெளி. அதைவிட நீளமான இடைவெளி.

போதவில்லை. இரண்டு பேர் போதவில்லை.

தெருவைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. யாரையாவது தேடிப் பிடித்து வருவதற்குள் அடுத்த மூச்சு வருமா? உள்ளே கொழுந்தனின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. சின்னப் பையன் அவன். இந்த வீட்டுக்கு அவள் வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் நின்று, வெட்கப்பட்டுக்கொண்டு "அண்ணி" என்று முதன்முதலில் கூப்பிட்டவன்.

திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். கையை வைத்தாள்.

சூடு. இதமான சூடு. பிறகு விரல்கள் தெரியவில்லை. பிறகு முழங்கை.

மூன்று மூச்சு. ஒரே மூச்சு.

கரண்ட் வந்தது. தெருவெங்கும் விளக்குகள். டியூப்லைட் இரண்டு முறை சிமிட்டி எரிந்ததும் எதிரிலிருந்த முகங்களைப் பார்த்தாள். கன்னங்கள் உள்ளே போயிருந்தன. கண்கள் குழிந்து, தோல் எலும்போடு ஒட்டி, பல மாதம் நோயில் கிடந்தவர்களைப்போல் இருந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கையை எடுக்கப் பார்த்தாள். கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

திறந்து கிடந்த கதவில் நிழல் விழுந்தது. எதிர்வீட்டுக்காரம்மா.

"கரண்ட் வந்துடுச்சு, கதவத் தொறந்து போட்டுட்டு என்ன பண்றீங்க? என்ன, குடும்பமே கம்ப்யூட்டர கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கு?"

கிட்டே வந்தாள். குனிந்தாள்.

வராதீங்க. தொடாதீங்க. போய்டுங்க. அவள் தன் உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள். திறந்த வாயிலிருந்து வந்தது காற்றாடியின் இரைச்சல்.

"அட, சூடா இருக்கே," என்றபடி அந்தம்மா கையை நீட்டினாள்.