பூட்டும் இரண்டு கேடயங்களும்

அவளை வீட்டில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால், வெளியே கிளம்பும்போதெல்லாம் கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் கால் வைக்காத பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் முறை, பூட்டியிருக்கிறதா என்று பார்க்க. இரண்டாவது முறை, முதல் முறை சரியாகப் பார்த்தோமா என்று பார்க்க. மூன்றாவது முறை எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

இந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய தம்பி வாலு. ஆறு வயது. அவனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அன்று சனிக்கிழமை. காலையிலிருந்தே பூட்டு எதிலும் மனம் ஒட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். காரணம், கூடத்தின் மூலையில் இருந்த கணினி.

அது பழைய கணினி. பூட்டுக்குப் பத்து வயது என்றால் அதற்குப் பன்னிரண்டு. காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, முகம் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தால் அப்போதுதான் மெல்லக் கண் விழிக்கும். ஆனாலும் அம்மாவின் வேலை முழுவதும் அதில்தான். சட்டை, கவுன் எதுவானாலும், துணியை எந்த அளவில் எப்படி வெட்ட வேண்டும் என்று அம்மா அதில் படம் வரைவார். அந்த மாதிரிப் படம் தையல் கூடத்துக்குப் போகும். அங்கே இருக்கும் கட்டிங் மாஸ்டர் அதைப் பெரிய தாளில் அச்செடுத்து, துணி மேல் வைத்து வெட்டுவார்.

இந்த முறை அம்மா வரைந்தது மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைகளுக்கான சட்டை. கையில் ஊசியும் குழாயும் குத்தியிருக்கும்போது குழந்தைகளால் கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது. அதனால் இந்தச் சட்டையின் தோள் முழுவதும் திறக்கும். சட்டையை மேலே போர்த்திவிட்டு, தோளில் பொத்தானை அழுத்தினால் போதும்.

அம்மா அதை ஏழு முறை மாற்றி மாற்றி வரைந்தார். ஏழு முறையும் வாலுதான் போட்டுப் பார்த்தான். கை மடங்காமலிருக்க அதில் அடிக்கோலைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். ஒரு தடவை நிற்க ஒரு பிஸ்கட் என்று பேசி வைத்திருந்தான்.

ஆறு அளவுகளில் அந்தச் சட்டையின் படங்கள் இன்று மாலை நான்கு மணிக்குள் தையல் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறும் அந்தக் கணினிக்குள்தான் இருந்தன. கணினியோ நகர மாட்டேன் என்றது.

எதையாவது திறக்கச் சொன்னால், ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணி முடித்தாலும் திறக்கவில்லை. படங்களை மின்னஞ்சலில் அனுப்பப் பார்த்தார் அம்மா. பாதியில் நின்றது. பென்டிரைவில் ஏற்றப் பார்த்தார். இரண்டு சதவீதத்தில் போய் உட்கார்ந்தது, ஒரு மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. நடுநடுவே 'ஆபத்து கண்டறியப்பட்டது' என்று ஒரு பெட்டி வேறு வந்து வந்து போனது.

அது ஏன் வருகிறது என்று பூட்டுக்கு மட்டும் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாமா சாப்பிட வந்திருந்தார். அம்மாவின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஏதோ ஓர் அலுவலகத்தில் வைரஸ் புகுந்து, இருந்த கோப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் முடக்கிவிட்டது என்று கதை சொன்னார். சொல்லிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். பூட்டுக்குத்தான் அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

வீட்டுக் கணினியில் ஏற்கெனவே ஓர் ஆன்டிவைரஸ் இருந்தது. திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் குட்டியாக ஒரு கேடயம். அம்மா எப்போதோ போட்டது. ஒன்று போதுமா? மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பவளுக்கு ஒன்று எப்படிப் போதும்?

மறுநாள் மாலை அம்மா தையல் கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், பூட்டு இன்னோர் ஆன்டிவைரஸை இறக்கிப் போட்டாள். இதற்குச் சிவப்புக் கேடயம். வகுப்புத் தோழி வீட்டில் இருப்பது இதுதான். 'என்னைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது' என்று அம்மா எழுதிய தாள் கணினியின் தலையிலேயே ஒட்டியிருந்தது. பூட்டு அதைப் படித்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து கணினி மந்தமானது. 'ஆபத்து' என்ற பெட்டியும் வர ஆரம்பித்தது. தான் இறக்கியதோடு சேர்ந்து வைரஸும் உள்ளே வந்துவிட்டது என்று பூட்டு முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்கேன், வந்ததும் ஒரு ஸ்கேன் என்று ஓட்டினாள். ஓட்ட ஓட்ட அது இன்னும் மந்தமானது. வந்த எச்சரிக்கைகளை எல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நேரத்தோடு எழுதி வைத்தாள். இதுவரை பதினொன்று.

மதியம் இரண்டரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அம்மா கூப்பிட்டிருந்த மாமா வந்துவிட்டார்.

வாசல் கதவில் ஒரே ஒரு பூட்டுதான். உள்ளே இருப்பவர்கள் குமிழைத் திருப்ப வேண்டும். வெளியே இருப்பவர்கள் சாவி போட வேண்டும். மாமாவிடம் ஒரு சாவி உண்டு. அம்மா அவசரமாகப் போய்க் குமிழைத் திருப்பினார். அதே நேரத்தில் மாமா வெளியிலிருந்து சாவியைத் திருப்பினார். டக் என்று திறந்தது. டக் என்று மூடிக்கொண்டது.

"அக்கா, திறயேன்."

"திறந்துட்டேன்டா. தள்ளு."

"எங்க திறந்தே? பூட்டியிருக்கு."

டக். டக். ஒருவர் திறக்க, மற்றவர் மூட, மறுபடி ஒருவர் திறக்க, மறுபடி மற்றவர் மூட, இப்படியே இரண்டு நிமிடம் போனது. வாலு பிஸ்கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"யாராவது ஒருத்தர் கையை எடுங்க."

அம்மா கையை எடுத்தார். கதவு திறந்தது. மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, கதவுப் பூட்டு பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்.

கணினியின் முன் உட்கார்ந்தவர் இரண்டு முறை மவுஸை அழுத்தினார். கன்னத்தில் கை வைத்தார். டாக்டர் முகம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"பெரிய வைரஸ்க்கா. பார்மட் பண்றதைத் தவிர வேற வழியில்ல. எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டு, புதுசா ஆரம்பிக்கணும்."

"என் படமெல்லாம்?"

"போயிடும்."

போன வருடம் வரை வரைந்ததற்கு வேறு பிரதி இருந்தது. இந்தச் சட்டைக்கு இல்லை. அம்மா கட்டிங் மாஸ்டருக்குப் போன் செய்து இரண்டு நாள் தவணை கேட்டுப் பார்த்தார். அச்சுக்கடை நான்கு மணிக்கு மூடிவிடும், திங்கள் காலை துணி வெட்டியாக வேண்டும் என்றார் அவர். படம் வராவிட்டால், கையைத் தூக்கித் தலை வழியாகப் போடும் சாதாரணச் சட்டையையே வெட்டிவிடுவதாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அம்மா அளவு நாடாவைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

மாமா சட்டைப் பையிலிருந்து, பார்மட் செய்ய வைத்திருந்த தன் பென்டிரைவை எடுத்தார். மூன்று மணிக்குக் கடையில் ஆள் வருவார்கள், சீக்கிரம் ஒரு முடிவு சொல் என்றார்.

பூட்டு மெல்ல அங்கிருந்து நழுவினாள். உள்ளறைக்குப் போய்க் கணக்கு நோட்டைத் திறந்தாள். இத்தனை நாளும் 'ஆபத்து' என்ற சொல்லைப் பார்த்ததுமே பயந்து மூடிவிடுவாள். அதன் கீழே, ஆபத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று நீளமாக ஏதோ வரும். அது என்னவென்று புரியாமலே, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது போல எழுத்து எழுத்தாக எழுதி வைத்திருந்தாள். இப்போதுதான் விரல் வைத்துப் படித்தாள்.

சிவப்புக் கேடயம் சொன்ன எச்சரிக்கைகள் ஏழு. ஏழிலும் ஒரே இடம்தான்: பச்சைக் கேடயத்தின் பெயர் போட்ட கோப்புறை. பச்சைக் கேடயம் சொன்னவை நான்கு. நான்கிலும் சிவப்புக் கேடயத்தின் பெயர். மூன்றாவதாக ஒரு பெயர் எங்கேயும் இல்லை.

கூடத்தில் டக் என்று சத்தம் கேட்டது. வாலு கதவுக் குமிழைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தான்.

பூட்டு அப்படியே நின்றாள். உள்ளே திருடனே இல்லை. இரண்டு காவல்காரர்கள்தான் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்படித்தானா? ஒருவேளை தப்பாக இருந்தால்? இதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நோட்டை மூடிவிட்டுச் சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்மட் செய்தால் சிவப்புக் கேடயமும் அழிந்துவிடும். அந்தச் சட்டையும் அழிந்துவிடும்.

"சரிக்கா, ஆரம்பிக்கவா?" என்று மாமா கேட்பது காதில் விழுந்தது.

பூட்டு ஓடினாள்.

"மாமா, வேண்டாம். கையை எடுங்க." அதற்குள் மூச்சு வாங்கியது. "அம்மா, நான் ஒண்ணு போட்டேன். உன்னைக் கேக்காம."

அம்மா கணினியின் தலையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார்.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு. இன்னொரு ஆன்டிவைரஸ். ஒண்ணு போதாதோன்னு பயமா இருந்தது. இப்போ ரெண்டும் ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைக்குது. நம்ம கதவு மாதிரிம்மா. நீ திறக்க, மாமா பூட்ட..."

நோட்டை நீட்டினாள். மாமா ஒவ்வொரு வரியாகப் படித்தார். அப்புறம் திரையின் ஓரத்தை உற்றுப் பார்த்தார். அங்கே குட்டிக் குட்டிப் படங்களின் கூட்டத்தில் பச்சைக்குப் பின்னால் சிவப்பும் இருந்தது. மாமா தலையைச் சொறிந்தார். ஒரே கணினியில் இப்படி இரண்டு இருக்கவே கூடாது என்றார். தானும் அதைத்தான் அடுத்ததாகப் பார்க்க இருந்ததாகச் சொன்னார். அதை யாரும் நம்பவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

"ஒண்ணை எடுத்துப் பார்ப்போம். அப்பவும் சரியாகலன்னா பார்மட்தான்" என்றார்.

அம்மா நாற்காலியைப் பூட்டின் பக்கம் தள்ளினார். "நீ போட்டதை நீயே எடு."

பூட்டு உட்கார்ந்தாள். மாமா இடத்தைக் காட்ட, சிவப்புக் கேடயத்தை நீக்கச் சொல்லி அழுத்தினாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆம் என்றாள். உறுதிதானா என்று கேட்டது. ஆம். யோசித்துச் சொல் என்பது போல மூன்றாவது முறையும் கேட்டது. பூட்டுக்கு அதன் மேல் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது.

பிறகு கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருந்தது. திரை கறுத்தது. உள்ளே கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த விசிறியும் நின்றது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. மணி மூன்று பத்து.

"செத்துப்போச்சா?" என்றான் வாலு. அம்மா அவன் வாயைப் பொத்தினார்.

ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. பூட்டு நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். விசிறி ஒருமுறை முனகியது. விளக்கு எரிந்தது. திரை வந்தது.

அம்மா சட்டைப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தார். பூட்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு என்று சொல்வதற்குள் திறந்துவிட்டது.

முதலில் பென்டிரைவில் ஏற்றினார் அம்மா. இரண்டு சதவீதத்தில் அது நின்றபோது எல்லோருக்கும் மூச்சும் நின்றது. பிறகு ஒன்பது, முப்பது, எழுபது, நூறு. மூன்று முப்பத்தைந்துக்கு ஆறு படங்களும் மின்னஞ்சலில் கிளம்பின. ஐந்து நிமிடத்தில் கட்டிங் மாஸ்டரின் போன் வந்தது.

"வந்துடுச்சும்மா. அச்சுக்குக் குடுத்துட்டேன்."

அதன் பின் பச்சைக் கேடயம் மட்டும் தனியாக ஒரு முழு ஸ்கேன் ஓட்டியது. பழைய கணினி; ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. முடிவில் 'ஆபத்து எதுவும் இல்லை' என்று வந்தது. மாமாவுக்கு அப்போதுதான் கடை ஞாபகம் வந்து, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அம்மா பூட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூணு வாரமா தனியாவா பயந்துகிட்டு இருந்தே?"

பூட்டு தலையை ஆட்டினாள். இத்தனை நேரம் வராத அழுகை இப்போது வந்தது. அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அழுது முடித்ததும், கேட்காமல் போட்டது தப்புதான் என்று அம்மா சொன்னார். பிறகு பேனாவை எடுத்து, கணினியின் தலையில் இருந்த தாளில் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'பயமாக இருந்தாலும் கேட்கலாம்.'

அன்றிலிருந்து பூட்டுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. சனிக்கிழமைதோறும் அம்மாவின் படங்களைப் பென்டிரைவில் பிரதி எடுத்து, சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் மூன்று முறை பார்க்கிறாள். அந்த வேலைக்கு மூன்று முறை தப்பில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அழைப்பு மணி அடித்தது. மாமாதான். அம்மா கதவருகே போனார். போன வாரம் நடந்தது ஞாபகம் வரவே, குமிழைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே மாமாவுக்கும் அதே ஞாபகம். அவரும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"நீயே திற அக்கா."

"இல்லடா, நீயே திற."

வாலு தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். கடைசியில் பூட்டுதான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.