வெட்டாற்றங்கரை மேடு

திரும்பி வரும்போதுதான் சைக்கிள் கனத்தது.

போகும்போது ஒன்றுமில்லை. திருவையாறு ரோட்டை விட்டிறங்கி வெட்டாற்றுக் கரையின் மண்பாதையில் கிழக்கே மிதித்தபோது, மாசி மாதத்துப் பனி ஆற்றுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே வெள்ளையாகப் படுத்திருந்தது. அறுவடை முடிந்த வயல்களின் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்க, ஈர வைக்கோலின் புளித்த வாசனையும் நாணல் வாசனையும் மாறி மாறி மூக்கில் ஏற, பரிதி சீட்டைவிட்டு எழும்பாமலே பறந்துதான் போனான். பாதை முடிகிற இடத்தில் சுடுகாட்டுத் தகரக் கொட்டகை. அதற்கு அப்பால் கருவேலங்காடு, வழி கிடையாது. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினான். திரும்பியதும் யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல வண்டி தயங்கியது.

இறங்கிப் பார்த்தான். பிரேக் உரசவில்லை. டயரில் காற்று கல்லாக இருந்தது. செயினில் புல் எதுவும் சிக்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் அது தன்பாட்டுக்கு வெகுநேரம் சுற்றியது. ஏறி உட்கார்ந்தால் மட்டும் மிதிக்க முடியவில்லை. கியரைக் குறைத்துக் குறைத்துக் கடைசிக்கு வந்து, வியர்வை புருவத்தில் வழிய, மூச்சிரைக்க ரோட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். பரிதி சந்தோஷப்பட்டான்.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்பவனை ஊர் சும்மா விடுமா? அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், "மேம்பாலத்துல ஏறியாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணைச் சோதிக்கவே உட்காருவார்கள். தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவதென்று யோசித்து யோசித்து ஓடுகிற சீமை இது. கொல்லிமலைப் பக்கம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கு அவன் போகாத வருடமில்லை. ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தள்ளாமல் வந்ததும் இல்லை. போன தடவை மனைவி ஷோபனாவையும் மகள் சுடர்விழியையும் கூட்டிப் போயிருந்தான். முடிவுக்கோட்டருகே நின்ற சுடர், அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அப்பா ஏம்மா தள்ளிக்கிட்டு வருது?" என்று கேட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் அது அவனுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அடுத்த பந்தயத்தில் அவள் கண் முன்னால் மிதித்துக்கொண்டே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அப்படிப்பட்டவனுக்கு மேடில்லாத ஊரில் ஒரு மேடு கிடைத்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஆறு கிழக்கே ஓடுகிறது, ஆகவே மேற்கே வருவது ஏற்றம்தான் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான். அந்த ஏற்றம் எவ்வளவு இருக்கும் என்பது இங்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

தினமும் விடியலில் போனான். போவது லேசு, வருவது பாரம். ஒவ்வொரு நாளும் பாரம் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சில நாள் அசையாமல் கனத்தது, சில நாள் ஒருபக்கமாக இழுத்தது. தொடை இறுகியது, மூச்சு நீண்டது. வண்டி விலை கூடியது என்பதால் வாசலில் விட அவனுக்கு மனசு வராது. படியில் ஏற்றும்வரை கனக்கும். ஹாலுக்குள் வந்ததும் லேசாகிவிடும். படுக்கையறைக் கதவோரமாகச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போவான். சுடுகாட்டுக்குப் போய் வருகிறவன் வாசலிலேயே காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவான். இவன் சாவுக்கா போய் வருகிறான்? பயிற்சிக்குப் போய் வருகிறான். தவிர, சைக்கிளுக்கு எந்தக் காலைக் கழுவுவது?

வீட்டில்தான் ஏதோ சரியில்லை. துடைத்த தரையில், மடித்து வைத்த துணியில், குடிதண்ணீரில்கூட நனைந்த சாம்பல் வாசனை லேசாக இருந்தது.

"அதே படிதான் அளந்து போடுறேன். சோறு பத்த மாட்டேங்குது," என்றாள் ஷோபனா. "வயித்துல என்னத்த வச்சிருக்கீங்க?"

"பந்தயத்துக்குத் திங்கிறேன்," என்றான் பரிதி. அவன் எப்போதும் சாப்பிடுவதைத்தான் சாப்பிட்டிருந்தான்.

இன்னொன்றையும் கவனித்தான். ஹாலைக் கடக்கும்போது, கூட்டமான பஸ்ஸுக்குள் நடப்பதுபோல, காரணமில்லாமல் தோளை ஒருக்களித்துக்கொண்டு நடந்தான். ஷோபனாவும் அப்படித்தான் நடந்தாள். 

சுடர் கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கையையும் காலையும் விரித்துப்போட்டுத் தூங்குகிற பிள்ளை, சுவரோடு சுவராக, பல்லிபோல ஒட்டிக்கொண்டு படுத்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

"நடுவுல வந்து படு கண்ணு."

"எடம் இல்லப்பா."

நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். பரிதி அந்த இடத்தில் கையை வைத்தான். விரிப்பு சில்லென்றிருந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் சதீஷ் கூட வந்தான். செல்போன் ரிப்பேர் செய்கிற பையன், பரிதியைப் பார்த்துச் சைக்கிள் வாங்கியவன். போகும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். கொட்டகையைச் சுற்றித் திரும்பிய பிறகு அவன் பேச்சு நின்றுவிட்டது. பின்னால் கேட்ட அவன் செயின் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. பிறகு திடீரென்று வேகமாக வந்து, வயலுக்குள் இறங்கிச் சுற்றி, பரிதியைத் தாண்டி முன்னால் ஓடினான். பரிதி ரோட்டில் ஏறியபோது அங்கே நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, பின்டயர்ல காத்து இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு. ஏன்?"

"போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பினதுலேருந்து தரையோட அமுங்கியே வந்துச்சு. ரெண்டு ஆளு வெயிட்டுண்ணே." "அந்த வாய்க்கா மடைக்கிட்ட ஒருபக்கமா சாஞ்சுது. அப்புறம் நேரா உக்காந்துச்சு."

"எது?"

சதீஷ் பரிதியின் சீட்டுக்குப் பின்னால், கேரியர்கூட இல்லாத அந்த இடத்தையே பார்த்தான்.

"நான் நாளைக்கு வரலண்ணே. நீங்களும் போவாதீங்க."

அதுவரை பரிதி மேடு மேடு என்று சொல்லி மூடி வைத்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் திறந்துகொண்டது. வண்டியில் ஏறாமல் வீடுவரை உருட்டிக்கொண்டே போனான். அப்போதும் கனத்தது. வாசலில் வெகுநேரம் நின்றான். வெளியே விட்டுவிடலாமா? விட்டால் மட்டும்? இத்தனை நாள் உள்ளே வந்து லேசானதெல்லாம் எங்கே இறங்கியது?

அன்றிரவு சுடரைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"ஏன் கண்ணு ஓரத்துலயே படுக்கிற?"

"தள்ளிப் படு, தள்ளிப் படுன்னு சொல்றாங்க."

"யாரு?"

"உன் சைக்கிள்ல வந்தவங்கப்பா." கொட்டாவி விட்டாள். "எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்காம். நிறையப் பேரு இருக்காங்க. அம்மாவ எழுப்பாத."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அதுவும் தன் மடியில் இல்லை, பிள்ளையின் மடியில். பரிதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷோபனாவை எழுப்பி என்னவென்று சொல்வான்? பந்தயத்துக்காக, ஒரு வளைவில் இறங்காமல் மிதிப்பதற்காக, தினம் ஒருவராகக் கொண்டுவந்து வீட்டில் விட்டேன் என்றா? அவன் தூங்கவில்லை. நடுவிலிருந்த காலி இடத்தில் விரிப்பு மெல்லச் சுருங்கி மெல்ல நீண்டது. ஹாலில் யாரோ காலை மாற்றி நின்றார்கள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் சுவரோரமாக வரிசையாக, பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போல.

விடிவதற்குள் முடிவெடுத்துவிட்டான். ஏறி வந்தவர்கள்தானே. ஏற்றிக்கொண்டே போய் விட்டுவிடலாம்.

சுடர் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துவிட்டான். ஹாலுக்கு வந்து, விளக்குப் போடாமல், சைக்கிளை நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான்.

"தெரியாம கூட்டியாந்துட்டேன்," என்றான் தணிந்த குரலில். "மன்னிச்சிடுங்க. ஏறுங்க, கொண்டுபோய் விட்டுர்றேன்."

ஒன்றும் நடக்கவில்லை. சாம்பல் வாசனை நெருங்கி வந்தது. கழுத்துக்குப் பக்கத்தில். இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில்.

"எம் புள்ள தூங்கணும்ங்க. உங்களுக்கு என்ன வேணுமோ எடுத்துக்குங்க. எங்கள விட்டுடுங்க."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு வண்டி அமுங்கியது. பின்னால் இல்லை, முன்னால். முன்சக்கரத்தின் ஸ்பிரிங் லேசாக, மரியாதையாக இறங்கியது. பரிதிக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்தான்.

பனி அன்று கனமாக இருந்தது. ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு முழம் பாதை, அதற்கப்பால் வெள்ளை. முதன்முறையாகப் போகும் வழி கனத்தது. தாங்கக்கூடிய பாரம்தான். வளைவுகளில் அது அவனோடு சேர்ந்து சாய்ந்தது. ஆற்றில் ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம். நாணல் சரசரப்பு. மடை. ஒற்றைப் பனை. கொட்டகை.

சுற்றினான். ஸ்பிரிங் மேலே எழும்பியது. வண்டி லேசாகிவிட்டது.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்கவில்லை. இந்த ஒரு தடவையாவது முறைப்படி செய்தான்.

வரும் வழி பூப்போல இருந்தது. மேடும் இல்லை ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் மறுபடி தட்டையாகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். பந்தயமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வண்டியை விற்றுவிட்டுச் சுடருக்கு ஒரு சின்னச் சைக்கிள் வாங்கித் தரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை முன்கம்பியில் உட்கார வைத்துப் பெரிய கோயில்வரை ஓட்டிப் போவது அவன் வழக்கம். வளைவு வந்தால் அப்பா சாயும் பக்கமே சாய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அவளும் அழகாகச் சாய்வாள்.

பெடலில் கால் நின்றது.

நிறையப் பேர் என்றாளே. இறங்கியது ஒரே ஒரு ஆள்.

வந்தவர்கள் எல்லாரும் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். இது முன்னால்.

வளைவில் சாய்ந்தது. ஒவ்வொரு வளைவிலும். அவன் சாய்ந்த பக்கமே.

சாம்பல் வாசனை இல்லை. வழி முழுக்க. முகவாய்க்குக் கீழே தேங்காயெண்ணெய் வாசனை.

"சுடர்!"

பனி. பதில் இல்லை. கொட்டகை இருந்த திசைகூடத் தெரியவில்லை. இல்லை, அவள் வீட்டில் இருக்கிறாள். போர்வையை இழுத்து விட்டோமே. வீட்டில்தான் இருக்கிறாள். மிதித்தான். வாழ்நாளில் எந்தப் பந்தயத்திலும் மிதிக்காத வேகம். வண்டி காற்றாகப் பறந்தது. அந்த லேசுதான் அவனைக் கொன்றது.

வாசலிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். ஹாலை நேராக, அகலமாகக் கடந்தான். எங்கும் தோள் ஒதுங்கவில்லை. சாம்பல் வாசனையும் இல்லை.

படுக்கையறை வாசலில் ஷோபனா உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. இன்னைக்குத்தான் நடுவுல படுத்து நல்லாத் தூங்குது புள்ள."

கட்டிலின் நடுவில் சுடர். கையையும் காலையும் விரித்துப்போட்டபடி. மார்பு ஏறி இறங்கியது. கண்ணுக்குக் கீழிருந்த கருப்புகூடப் போய்விட்டது. பரிதி அப்படியே கட்டிலில் முட்டி போட்டான். இருக்கிறாள். இருக்கிறாள். தலையணையில் மட்டும் ஒரு சின்னக் குழிகூட விழவில்லை.

இரண்டு கைகளையும் அவளுக்கு அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைக்கத் தூக்கினான். தண்ணீர் இருக்கிறதென்று நினைத்துத் தூக்கிய வெறுங்குடம்போல, கைகள் விருட்டென்று மேலே வந்துவிட்டன.

சுடர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்கு இப்படி வேர்த்து ஊத்துது," என்று சொல்லிக்கொண்டே ஷோபனா ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

முதலில் சுடரின் முடி பறந்தது. பிறகு கவுனின் ஓரம். பிறகு, அந்தச் சிரிப்பு மாறாமல், சுடரே அவன் கைகளை விட்டு மெல்ல மேலே எழும்பினாள்.